என் மனைவிக்கு நான் கொடுத்த ஆறு பிறந்த நாள்கள்

"ஆவணி 22, ஞாயிறு. கொக்கிரகுளம் பாலத்தடியில் தண்ணீர், கீழ்ப்படிக்கு ஒரு முழம் கீழே. மழை இல்லை. காலை 9.40க்கு வீட்டுக்குள் முதல் இலவசக் கருவி வந்தது. பெயர் கேட்டது. கைபேசி எண் கேட்டது. பிறந்த தேதி கேட்டது. எதற்கு என்று சொல்லவில்லை."

என் குறிப்பேட்டில் அன்றைய பக்கம் இவ்வளவுதான். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் தேதி பார்த்துப் பழகியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, மழை பெய்ததா, எந்தத் தெருவில் பஸ்ஸைத் திருப்பி விட்டார்கள், எந்தக் கடை பெயர்ப்பலகையை மாற்றியது என்று தினமும் நாலு வரி எழுதிவைக்கிறேன். யாரும் கேட்டு எழுதவில்லை. யாரும் படிப்பதும் இல்லை. ஆனாலும் எழுதியது சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

கருவி வந்தது என் மனைவிக்காக. அவள் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. இருபத்திரண்டு வருட சர்வீஸ். அந்த வருடம்தான், ஏற்கெனவே வேலையில் இருக்கிற ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்ற உத்தரவு வந்தது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு வருடம் அவகாசம். அதற்குள் தேறாவிட்டால் வேலை இல்லை. அவளுக்கு ஓய்வுக்கு இன்னும் பதினோரு வருடம் இருந்தது.

"இருபத்திரண்டு வருசமா நான் பரீட்சை வச்சிருக்கேன். எழுதி எவ்வளவு நாளாச்சு?" என்று அன்று காப்பி ஆற்றிக்கொண்டே கேட்டாள். நான் கணக்குப் பார்த்துச் சொன்னேன். அவள் என்னிடம் கேட்டது அதை இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

உண்மையான சிரமம் ஞாபகம்தான். பாடம் அவளுக்குத் தெரியாதது இல்லை. எட்டாம் வகுப்புக்கு நடத்தியதை எட்டாம் வகுப்புக்கு நடத்தியபடியே சொல்வாள். ஆனால் குழந்தை உளவியல், கற்பித்தல் முறைகள், அதில் யார் எந்தக் கொள்கையைச் சொன்னார் என்பதெல்லாம் காலையில் படித்தால் சாயங்காலம் இருக்காது. இதைக் கேள்விப்பட்டுத்தான் அவள் பள்ளியின் கணக்கு டீச்சர் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கைபேசியில் ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்தார். கணக்கு டீச்சருக்கு என் மனைவியைவிடப் பத்து வயது குறைவு. அவரும் அதே தேர்வை எழுத வேண்டியவர்தான்.

"எல்லாம் ஃப்ரீதான் சார்" என்றார்.

"ஃப்ரீன்னா யாரு குடுக்கா?"

"யாரோ குடுக்காங்க. நமக்கென்ன?"

"குடுக்கவங்களுக்கு என்ன வேணும்?"

கணக்கு டீச்சர் என் மனைவி பக்கம் திரும்பினார். "டீச்சர், சார் பத்திர ஆபீஸ்ல இருந்தாங்கன்னுல்லா சொன்னீங்க. கேக்கதப் பாத்தா போலீஸ்ல இருந்த மாதிரில்லா இருக்கு!"

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அலுவலகத்தில் ஆயிரக்கணக்கான தானப் பத்திரங்கள் என் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. தானம் கொடுப்பவர் யார், அவர் அப்பா பெயர் என்ன, எந்த ஊர், ஏன் கொடுக்கிறார் என்று எல்லாம் அதில் இருக்கும். 'தங்கள் மீதுள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்' என்றாவது ஒரு காரணம் இருக்கும். சும்மா கொடுத்தேன் என்று எழுதிய பத்திரம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இங்கே கொடுப்பவர் பெயரே தெரியவில்லை. எல்லா விவரத்தையும் வாங்குபவரிடம் கேட்டார்கள்.

அந்த முதல் கருவி அட்டை மாதிரி. ஒரு பக்கம் கேள்வி, தட்டினால் மறுபக்கம் பதில். சரியாகச் சொன்ன அட்டை நாலு நாள் கழித்து வரும், தவறாகச் சொன்னது பத்து நிமிடத்தில் திரும்ப வந்து நிற்கும். எது மறந்துபோகும் என்று அதற்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஒரு மாதத்தில் அவளுக்குப் பெயர்கள் நிற்க ஆரம்பித்தன. அதை நான் மறுக்கவில்லை, குறிப்பேட்டிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒருத்திக்கு எது மறக்கும் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துகொண்டவன் அதை வைத்து வேறு என்ன செய்வான் என்ற கேள்வியையும் அதே பக்கத்தில் எழுதினேன்.

அடுத்தடுத்து வந்தன. புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்தால் எழுத்தாக மாற்றிக் கொடுக்கும் ஒன்று. இருபத்தைந்து நிமிடம் படி, ஐந்து நிமிடம் எழுந்து நட என்று மணி அடிக்கும் ஒன்று. மாதிரித் தேர்வு வைத்து மதிப்பெண் போடும் ஒன்று. பாடத்தை வாசித்துக் காட்டும் ஒன்று. அதன் குரலில் ஒரு பெண், எங்கள் அடுக்களையில், தாளிக்கும் சத்தத்துக்கு நடுவே மண் வகைகளைப் பற்றி எனக்குப் பழக்கமில்லாத தமிழில் சொல்லிக்கொண்டிருப்பாள். மணி அடிக்கும் கருவி ஏன் தொடர்பு எண்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்கிறது என்று கணக்கு டீச்சரைக் கேட்டேன். "எல்லாம் அப்படித்தான் கேக்கும் சார், ஓகே குடுத்திட்டுப் போவேண்டியதுதான்" என்றார். நான் ஓகே கொடுக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பிறந்த தேதியைக் கேட்கிறார்கள் அல்லவா? ஏற்கெனவே கொடுத்ததையும் மாற்றிவிட்டு, ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு தேதி கொடுப்பது. பிறகு எந்தத் தேதியில் யார் வாழ்த்துகிறார்கள் என்று பார்த்தால், எந்தக் கருவி விவரத்தை வெளியே விட்டது என்று தெரிந்துவிடும். வருடத்தை மாற்றவில்லை. நாளையும் மாதத்தையும் மட்டும் மாற்றினேன். மறந்துவிடக் கூடாது என்பதற்காக என் குறிப்பேட்டில் ஏதாவது நடந்த நாள்களாகத் தேர்ந்தெடுத்தேன். அட்டைக் கருவிக்கு நான் வேலையில் சேர்ந்த நாள். வாசிக்கும் கருவிக்கு எங்கள் தெருவுக்குக் குழாய் போட்ட நாள். மாதிரித் தேர்வுக்கு ஐப்பசியில் ஒரு நாள். அன்று ஒருமுறை டவுணில் ரத வீதி முழுக்கத் தண்ணீர் நின்று பஸ்கள் நுழைவாயில் ஆர்ச்சிலேயே திரும்பிப் போயின. கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, கருவியின் பெயர், சேர்த்த தேதி, கொடுத்த தேதி என்று மூன்று பத்தியாக எழுதினேன்.

மனைவி அதைப் பார்த்தாள். "எனக்கு எத்தன பொறந்தநாள்?"

"இதுவரைக்கும் அஞ்சு."

"ஒண்ணுக்காவது சேலை உண்டுமா?"

உண்மையான பிறந்த நாள் ஆடியில் வரும். அதற்கே நான் பெரிதாக எதுவும் செய்வதில்லை என்பது அவள் கேள்விக்குள் இருந்தது.

ஐப்பசியில் அந்த நாள் வந்தது. காலை ஏழு மணிக்கு ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து குறுஞ்செய்தி: இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், இன்று மட்டும் சிறப்புச் சலுகை. எட்டரைக்கு ஒரு நகைக்கடை. ஒன்பதுக்கு ஒரு கண் ஆஸ்பத்திரி. அவை எதிலும் நாங்கள் பெயர் கொடுத்ததில்லை. மாதிரித் தேர்வுக் கருவிக்கு நேராக 'வெளியே விட்டது. மூன்று இடம்' என்று சிவப்பு மையில் எழுதினேன். முப்பத்தோரு வருட சர்வீசில் ஒரு போலிப் பத்திரத்தைப் பிடித்தபோது இருந்த சந்தோஷம் அன்று இருந்தது.

சாயங்காலம் மனைவி பள்ளியிலிருந்து கையில் பாதிக் கேக்கோடு வந்தாள்.

"என்ன இது?"

"எனக்குப் பொறந்தநாள். ஸ்டாஃப் ரூம்ல போன் மேசை மேல கெடந்துச்சு. வாழ்த்து வந்தத கணக்கு டீச்சர் பாத்திட்டா. பீரியட் முடியதுக்குள்ள கேக்கு வாங்கியாந்திட்டாங்க. பாட்டு வேற பாடினாங்க."

"இல்லன்னு சொல்ல வேண்டியதுதான?"

"என்னன்னு சொல்ல? எங்க வீட்டுக்காரர் ஆப்புக்குப் பொறி வச்சிருக்கார், அதுல நான் மாட்டிக்கிட்டேன்னு சொல்லவா?" அவள் கேக்கை மேசையில் வைத்தாள். "பைய சாப்பிடுங்க. சாட்சியம்."

அந்தக் கருவியை நீக்கச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. மாதிரித் தேர்வில் அவள் மதிப்பெண் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. முதல் தடவை பாதியைக்கூடத் தொடாதவள் இப்போது தேர்ச்சிக் கோட்டை ஒட்டி நின்றாள். "அவன் என் பேர வித்தா வித்திட்டுப் போறான். எனக்கு வேலை நிக்கணும்" என்றாள்.

கார்த்திகையில் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் நானே போடுவதாகச் சொன்னேன். பிரவுசிங் சென்டரில் போய் நம் விவரத்தை அடுத்தவர் கம்ப்யூட்டரில் அடிப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. கணக்கு டீச்சர் அதற்கும் ஒரு இலவசக் கருவி சொல்லியிருந்தார். ஒருமுறை பெயர், முகவரி, கல்வி விவரம் எல்லாம் கொடுத்துவிட்டால் எந்த விண்ணப்பப் படிவம் வந்தாலும் தானாக நிரப்பிவிடுமாம். மனைவி கேட்டாள் என்பதற்காக இரண்டு நாள் முன்பு அதைச் சேர்த்திருந்தேன். ஆறாவது கருவி. அதற்கு நான் கொடுத்த தேதி டிசம்பர் பதினெட்டு. இரண்டு வருடம் முன்பு மார்கழியில் ஆறு ஊருக்குள் வந்த நாள். அந்தத் தேதியை எங்கள் ஊரில் யாரும் எழுதிவைத்து ஞாபகம் கொள்ள வேண்டியதில்லை.

விண்ணப்பம் போட்ட அன்று காலை பத்து மணியிலிருந்து கரண்ட் வந்து வந்து போனது. ஒவ்வொரு தடவையும் தளம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மனைவி சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிக்க, நான் அடித்தேன். சில கட்டங்கள் நான் தொடும் முன்பே நிரம்பின. சிலவற்றில் முதல் எழுத்தை அடித்ததும் கீழே ஒரு பட்டியல் விழுந்தது. சிலவற்றை முழுதாக நானே அடித்தேன். எது எப்படி நிரம்பியது என்று அந்த நேரத்தில் நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

அனுப்பும் முன் சரிபார்த்தோம். பெயரின் எழுத்துகள், அப்பா பெயர், பதிவு எண், பட்டம் பெற்ற பல்கலைக்கழகம், பின்கோடு எல்லாவற்றையும் விரல் வைத்துப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறந்த தேதியை மட்டும் நான் பார்க்கவில்லை. அவள் அதை வாசிக்கத் தொடங்கியபோது, "தேதிய நான் பாத்துக்கிடுதேன், அடுத்தது வாசி" என்றேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் எழுதிய தேதியைத் திருத்தியிருக்கிறேனே தவிர, என் தேதியை வேறொருவர் திருத்தியதில்லை. அனுப்பிவிட்டு, ஒரு பிரதி எடுத்து, மடித்துக் கோப்பில் வைத்தேன். திருத்தம் செய்ய மூன்று நாள் அவகாசம் என்று தளத்தில் போட்டிருந்தார்கள். எங்களுக்குத் திருத்த எதுவும் இல்லை என்று நினைத்தேன்.

மார்கழி 30, புதன். மறுநாள் பொங்கல். ஹால் டிக்கெட் வந்துவிட்டது என்று ஆசிரியர் குழுவில் செய்தி. மனைவி கோலப்பொடிக் கையோடு வந்து பக்கத்தில் நின்றாள். பதிவு எண்ணை அடித்து, பிறந்த தேதியை அடித்தேன். விவரங்கள் பொருந்தவில்லை என்று வந்தது. மறுபடி அடித்தேன். பொருந்தவில்லை.

அவர்கள் தளத்தில் ஏதோ கோளாறு என்றேன். உடனே முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அங்கே பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள். எல்லாருக்கும் ஹால் டிக்கெட் வந்துகொண்டிருந்தது. கடைக்கார அண்ணாச்சி எங்கள் எண்ணை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

"டீச்சர், பொறந்த தேதி இதுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பொறந்த தேதிய யோசிச்சா சொல்லுவாங்க, அண்ணாச்சி?"

"இல்ல, சிலருக்குப் பள்ளிக்கூடத்துல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு இருக்கும்லா. ரெண்டு இருந்தா ரெண்டையும் போட்டுப் பாத்திருவோம்."

மனைவி என்னைப் பார்த்தாள். ரெண்டு இல்லை, ஏழு இருக்கிறது என்று அந்தக் கடையில் யாருக்குச் சொல்வது?

வெளியே வந்ததும், "விண்ணப்பத்தப் பிரிண்ட் எடுத்து வச்சீங்களே, அதுல என்ன இருக்கு?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். மடிப்புக்கூடக் கலையவில்லை. நாலாவது வரியில், பிறந்த தேதி என்ற இடத்தில், டிசம்பர் பதினெட்டு.

அதைப் போட்டதும் ஹால் டிக்கெட் திறந்தது. அவளுடைய படம், கையெழுத்து, தேர்வு மையம் டவுணில் ஒரு பள்ளி. எல்லாம் சரியாக இருந்தன. தேதி மட்டும் வெள்ளம் வந்த தேதி. அடையாள அட்டையில் இருப்பதும் இதில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டோம் என்று அதே தாளின் கீழே அச்சாகியிருந்தது.

அவள் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். "நாலு மாசமாப் படிச்சேன்" என்றாள். பிறகு, "வாசல்ல கோலம் பாதியில கெடக்கு" என்று எழுந்து போனாள்.

அன்று சாயங்காலம் நான் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதியாக வேண்டும். ஆறாவது கருவியைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கினேன். அதோடு நிற்காமல், கம்ப்யூட்டர் ஞாபகத்தில் வைத்திருந்த பழைய படிவ விவரங்களையும் முழுக்க அழித்தேன். அப்போது எனக்கு இருந்தது கோபம்தான். இந்த வீட்டுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு என் மனைவியின் தேதியை மாற்றி எழுதிவிட்டான் என்ற எண்ணம்.

பொங்கலை ஒட்டி அலுவலகங்கள் மூடியிருந்தன. உதவி எண் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. காணும் பொங்கலன்று காலை உட்கார்ந்து மின்னஞ்சலுக்கு ஒரு மனு எழுதினேன். 'மேற்படி விண்ணப்பத்தில் கணினிப் பிழை காரணமாக என் பிறந்த தேதி தவறாகப் பதிவாகியுள்ளது' என்று தொடங்கியிருந்தேன். கையெழுத்துக்காக மனைவியிடம் கொடுத்தேன்.

"கணினிப் பிழையா?"

"வேற என்ன போட?"

"பொய்த் தேதிய அதுக்குக் குடுத்தது யாரு?"

"குடுத்தது நான்தான். ஆனா இந்த ஃபார்ம்ல போட்டது நானான்னு தெரியாதுல்லா?"

"பக்கத்துலதான நான் இருந்தேன். எனக்கும் தெரியாது." அவள் பேனாவை எடுத்தாள். "யாரு தப்புன்னு அவங்க கேக்கப்போறது இல்ல. எனக்கும் இப்ப அது வேண்டாம். உள்ள விடுவாங்களா மாட்டாங்களா, அத மட்டும் கேட்டு எழுதுங்க."

நான் அந்த வரியை எடுத்துவிட்டு, 'தவறாகப் பதிவாகியுள்ளது' என்று மட்டும் வைத்தேன். காரணம் இல்லாத மனு அது. என் அலுவலகத்துக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பதில் வரவில்லை. அவள் படிப்பை விடவில்லை. எல்லாக் கருவியையும் நீக்கிவிடலாம் என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "நான் படிச்சது பூராவும் அதுக்குள்ளதான் இருக்கு, அதையும் அழிச்சிராதீங்க" என்றாள். 'அதையும்' என்ற சொல்லை அழுத்திச் சொன்னதாக எனக்குப் பட்டது. அடுக்களையில் அந்தப் பெண் குரல் மறுபடி மண் வகைகளைச் சொல்லத் தொடங்கியது. தினமும் காலையிலும் சாயங்காலமும் நான் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். வந்தவை எல்லாம் சலுகைகள்.

தேர்வு அன்று ஞாயிற்றுக்கிழமை. ஏழரைக்கே டவுண் பஸ்ஸில் ஏறினோம். பையில் ஹால் டிக்கெட், ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், மனுவின் பிரதி, அது அனுப்பப்பட்ட நாளும் நேரமும் தெரியும் பக்கம். எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு. பள்ளி வாசலில் வரிசை. நான் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் இருந்த அம்மா ஆதாரைப் பார்த்தார், ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், மறுபடி ஆதாரைப் பார்த்தார். அவளைத் தனியே நிற்கவைத்தார்கள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள்.

என் பக்கத்தில் களக்காட்டிலிருந்து மனைவியை அழைத்து வந்த ஒருவர் நின்றார். வாழை விவசாயி. அவர் மனைவியும் ஆசிரியை. என்ன விஷயம் என்று கேட்டார். பதற்றத்தில் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

"ஆறு தேதியா?" என்றார். "எதுக்கு வே?"

"எவன் விவரத்த விக்கான்னு கண்டுபிடிக்க."

"கண்டுபிடிச்சீரா?"

"ஒருத்தன."

"அவன என்ன செஞ்சீரு?"

ஒன்றும் செய்யவில்லை. அவர் தலையை ஆட்டினார். "நல்லவேளை, கல்யாணத் தேதிய யாரும் கேக்கல. அதையும் மாத்திக் குடுத்திருப்பீரு. அந்தம்மா தப்பிச்சிருக்கும்."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து இன்னொரு அதிகாரி வந்து, சான்றிதழை வாங்கிப் பார்த்து, ஒரு வெள்ளைத் தாளை அவளிடம் கொடுத்தார். அவள் சுவரில் வைத்து ஏதோ எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். கட்டை விரலும் வைத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். மணி அப்போது 9.21. அந்த நேரத்தை நான் எங்கும் எழுதிவைக்கவில்லை. இப்போதும் தெரியும்.

மதியம் வெளியே வந்தவள் முதலில் தண்ணீர் கேட்டாள். "எப்படி?" என்றேன். "உளவியல்ல பாதிக்கு மேல அந்த அட்டையில வந்தது. மண் வகை ஒண்ணு வந்துச்சு. அத வாசிக்கும்போது அந்தப் பொம்பள குரல்லதான் கேட்டுச்சு." பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள்.

முடிவு வந்தது. தேறியிருந்தாள். மாதிரித் தேர்வில் கடைசியாக வாங்கியதைவிட மூன்று குறைவு, கோட்டுக்கு மேலே. கணக்கு டீச்சரும் தேறினார். இந்தக் கருவிகள் இல்லாமல் இது நடந்திருக்குமா என்று கேட்டால், நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். யார் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பள்ளி அலுவலக எழுத்தர், தேதி மாறியிருப்பதற்கு விளக்கக் கடிதம் ஒன்று சேர்த்தால் கோப்பை மேலே அனுப்பிவிடலாம், சான்றிதழில் திருத்தம் வர நாளாகும், வேலைக்குப் பாதகம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். என்னை வரைவு எழுதச் சொல்வாள் என்று பேனாவோடு காத்திருந்தேன். அவளே ஸ்டாஃப் ரூமில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பிரதியை மட்டும் என்னிடம் தந்தாள். இரண்டே வரி: 'விண்ணப்பத்தை என் கணவர் நிரப்பினார். பிறந்த தேதியை நாங்கள் சரிபார்க்கவில்லை.'

"நாங்கள்னு ஏன் போட்ட? பாக்க வேண்டாம்னு சொன்னது நான்தான?" என்றேன்.

"நீங்க சொன்னீங்க. நான் கேட்டேம்லா."

அதன் பிறகு பிரவுசிங் சென்டர் அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் ஆறாவது கருவியை மறுபடி சேர்த்து, டிசம்பர் பதினெட்டைக் கொடுத்து, வெவ்வேறு படிவங்களில் பதினொரு தடவை சோதித்துப் பார்த்தேன். நாலு தடவை தேதிக் கட்டத்தைத் தானாக நிரப்பியது. ஏழு தடவை காலியாக விட்டது. "நெரப்பினாலும் நெரப்பும், விட்டாலும் விடும். இப்ப தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க, சார்?" என்றார் அவர். தேர்வுத் தளத்தின் படிவம் மூடப்பட்டுவிட்டதால் அதில் சோதிக்க வழியில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் அன்றைய தடயம் ஏதாவது இருந்திருந்தால், அதைப் போகியன்று நானே அழித்துவிட்டேன். விண்ணப்பம் போட்ட அன்று காலை முழுக்க என் தலைக்குள் அந்த வெள்ளத் தேதி இருந்தது என்பதும் உண்மை. இரண்டு நாள் முன்புதான் அதைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன். விண்ணப்பத்தின் நாலாவது வரியை நிரப்பியது கருவியா, என் விரலா என்பது இந்தத் தேதிவரை உறுதி செய்யப்படவில்லை.